இரட்டைக் கயிற்று மணி

றொகான் ஐந்தரைக்கு எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோடு சாய்த்தான். கிணற்றடியில் முகம் கழுவினான். கேத்திலில் தண்ணீர் வைத்தான். இரண்டு கோப்பை எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். தேநீருக்குச் சீனி போடவில்லை. குடித்து முடித்த பிறகுதான் கவனித்தான்.

பிறகு அறைக்குள் போய் மேசைக்குக் கீழே குனிந்தான். கணினிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. திரையை மட்டும் போட்டான்.

சாம்பல் நிறக் கடற்கரை. வாளோடு ஒருத்தி. அவளுக்குப் பின்னால் ஈட்டியோடு ஒருவன். இன்னும் பின்னால் கறுப்பாக ஒரு பாறை. எதுவும் அசையவில்லை. ஆட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று நடுவில் வெள்ளை எழுத்து.

திரையை அணைத்தான். இருபத்தெட்டு நாளாக இதுதான் காலை.

இருபத்தெட்டு நாளைக்கு முன், இதே போல ஒரு சனிக்கிழமை, அவன் மனைவி ஜெசிதா இந்தக் கதிரையிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். குசினி வாசலில் விழுந்தாள். மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் திறக்கவில்லை. வாய் திறக்கவில்லை. முப்பது வயது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் அவளுடைய தாய் அற்புதராணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "விழமுன்னம் கடைசியா என்ன தம்பி சொன்னவள்?"

"யேசுவே எண்டவள், மாமி."

அது பொய். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. அந்தப் பொய் மரண அறிவித்தலில் வந்தது. பங்குத்தந்தையின் பிரசங்கத்தில் வந்தது. வருகிற புதன்கிழமை முப்பத்தோராம் நாள் திருப்பலி. அன்றைக்குக் கொடுக்கப்போகும் நினைவு மலரின் முதல் பக்கத்திலும் அது வரப்போகிறது.

கைத்தொலைபேசி அதிர்ந்தது. மின்தடை அறிவித்தல். குருநகரில் திருத்த வேலை. காலை எட்டரை முதல் மாலை ஐந்து மணி வரை.

றொகான் அதை இரண்டு தரம் வாசித்தான்.

மேசைக்குக் கீழே இருந்த யூ.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும். இந்த நான்கு வாரத்தில் வந்த சின்னச் சின்ன மின்வெட்டுகளை அது கடத்திவிட்டது. எட்டரை மணித்தியாலத்தைக் கடத்தாது. ஜெசிதாவின் இந்த ஆட்டம் நினைத்த இடத்தில் சேமிக்காது. வழியில் ஒரு மணிக்கூண்டு வரும். அங்கே போய் மணி அடித்தால்தான் சேமிக்கும். கடைசியாக அவள் அடித்தது பதினெட்டாவது மணி. அதற்குப் பிறகு மூன்று மணித்தியாலம் விளையாடியிருந்தாள். மின்சாரம் போனால் அந்த மூன்று மணித்தியாலமும் போய்விடும்.

அவள் இந்த உலகத்தில் கடைசியாகச் செய்த வேலை அதுதான்.

அவன் ஒருநாளும் விளையாடியதில்லை. பக்கத்தில் இருந்து கந்தோர்க் கோப்புகளைப் பார்ப்பான். அவள் பாராளுமன்ற நேரலையைப் போட்டுவிட்டுத்தான் அரக்கனை அடிப்பாள். "இந்த ஆளுக்கும் உந்த மிருகத்துக்கும் ஒரே பழக்கம் பாரும். ரெண்டு தரம் உறுமும், மூண்டாந்தரம்தான் கடிக்கும்" என்பாள். அது எந்த ஆள் என்று நிமிர்ந்து பார்த்தால் ஏதாவது ஒரு அமைச்சர் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

வீடு சீதன வீடு. முன்பக்கம் மாமாவும் மாமியும், பின்பக்கம் இவர்கள். றொகான் முன்பக்கம் போனான். மாமா நீக்கிலாப்பிள்ளை கடலால் வந்து முற்றத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

ஜெசிதா இருந்த நாட்களில் அவர் கடலால் வந்ததும் முதலில் அவளுடைய யன்னலடிக்குத்தான் போவார். "இண்டைக்கு எத்தினை தரம் செத்தாய் பிள்ளை?" என்று கேட்பார். "ஏழு தரம் அப்பா" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். "பறவாயில்லை, நேத்து ஒம்பது." அற்புதராணி குசினிக்குள் இருந்து கத்துவார். "காலங்காத்தாலை என்ன கதை கதைக்கினம் அப்பனும் மகளும்!"

இப்போது அவர் யன்னல் பக்கம் பார்ப்பதில்லை.

"மாமா, இண்டைக்குப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லையாம்."

"ஓம், சந்தியிலை கதைச்சவங்கள்."

"கொம்பியூட்டர் நிண்டிடும்."

நீக்கிலாப்பிள்ளை வலையைக் கீழே வைத்தார்.  படகில் விளக்குக்கு வைத்திருந்த பற்றரியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கோவில் ஒலிபெருக்கிக்காரர் கிறிஸ்ரோபரின் வீட்டுக்குப் போய் இன்வேட்டரை வாங்கிவந்தார். எட்டு மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி, பச்சை விளக்கு அணையாமல் எரிவதைக் குந்தியிருந்து பார்த்தார்.

"பின்னேரம் ரெண்டு மணி மட்டும் தாங்கும். அதுக்குப் பிறகு ஏலாது."

"அதுக்குப் பிறகு வேறை பற்றரி..."

"தம்பி." கிழவர் எழும்பினார். "எத்தினை நாளைக்குப் பற்றரி மாத்தப்போறீர்? உதைச் சேமிக்க ஒரு வழி இருக்கும்தானே. உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சவன் ஒருத்தன் கொழும்புத்துறையிலை இருக்கிறான்."



கொழும்புத்துறையில் இருப்பவன் டினேஸ். ஜெசிதாவின் தம்பி. இந்த ஆட்டத்தை அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். போன வருடம் மாநகர சபைத் தேர்தலில் ஜெசிதா சுயேச்சைக் குழு ஒன்றில் நின்றாள். மீன் சந்தையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று வீடு வீடாகப் போனாள். போன வீடுகளுக்கு நிறம் தீட்டிய வரைபடம் இன்னும் அறைச் சுவரில் இருக்கிறது. டினேஸ் வேறு கட்சிக்கு வேலை செய்தான். அதையும் அவள் பகிடியாகத்தான் எடுத்தாள். ஆனால் கடைசிக் கூட்டத்தில், சந்தியில் மைக்கைப் பிடித்து அவன் சொன்னான்: "வீட்டுக்குள்ளை இருந்து பட்டன் அமத்துற ஆக்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?"

சனம் சிரித்தது. ஜெசிதா கூட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு விழுந்தது நாற்பத்தேழு வாக்கு. முடிவு வந்த அன்றைக்கு டினேசைக் கூப்பிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னாள். "இனி என்ரை வீட்டு வாசல்படி மிதிக்காதை." அவன் மிதிக்கவில்லை. செத்த வீட்டுக்கும் வந்து றோட்டில்தான் நின்றான். சேமக்காலையில் அடக்கம் செய்யும்போதும் மதிலோரம் நின்றான்.

எட்டரைக்கு மின்சாரம் போனது. இன்வேட்டர் உறுமத் தொடங்கியது. பச்சை விளக்கு அப்படியே நின்றது.

அற்புதராணி வந்து இன்வேட்டரைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த தாளை நீட்டினார். அச்சகத்திலிருந்து வந்த நினைவு மலரின் முதல் பக்கம்.

"பதினொரு மணிக்குள்ளை சரி சொல்லோணுமாம் தம்பி. பிழை கிழை இருந்தால் பாரும்."

'யேசுவே என்ற திருநாமத்தை உச்சரித்தபடியே தன் இறுதி...' றொகான் அந்த வரியில் நின்றான். அதற்குக் கீழே அவளுடைய படம். அடையாள அட்டைக்கு எடுத்தது.

"அவளைப் பற்றி இதிலை ஒண்டும் இல்லையே மாமி. விளையாடினது, எலெக்சன் கேட்டது..."

"உதுகளைப் போய்க் கோவிலிலை குடுக்கிற புத்தகத்திலை போடுறதோ? சனம் என்ன சொல்லும்?" பிறகு குரல் இறங்கியது. "எனக்கு அந்த ஒரு வரி காணும் தம்பி. இரவிலை அதை நினைச்சுத்தான் கண்ணை மூடுறன்."

அவன் தாளை மேசையில் வைத்தான். தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

டினேஸ் அரை மணித்தியாலத்தில் வந்தான். மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டுப் படலைக்கு வெளியே நின்றான். மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"உள்ளை வா."

"இல்லை அத்தான். என்ன செய்யோணும் எண்டு இஞ்சை நிண்டே சொல்லுறன். போனிலை காட்டுங்கோ."

"விசர்க்கதை கதையாதை. வா."

"அக்கா வரவேண்டாம் எண்டவ. வா எண்டு திரும்ப அவதானே சொல்லோணும்." அவன் படலையின் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இனி ஆர் சொல்லுறது?"

றொகான் படலையைத் திறந்துவிட்டான். சொல்ல இருந்ததைச் சொன்னான்.

"உன்ரை ஆளும் அதுக்குள்ளை நிக்கிறான்."

"என்ரை ஆளோ?"

"ஈட்டி வைச்சிருக்கிறவன்."

"இல்லை அத்தான். அவனை நான் ஏழாவது மணியடியிலை விட்டிட்டு வந்தனான். எலெக்சனுக்கு முன்னம்."

"அவளுக்குப் பின்னாலை நிக்கிறான். பதினெட்டு மணி தாண்டி."

டினேஸ் நிமிர்ந்து பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றினான். படலைக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்து உள்ளே வந்தான்.

திரையைப் போட்டதும் கிட்டப் போய்க் குனிந்தான். 

"அத்தான், இதிலை வாற ஒவ்வொரு மணிக்கும் ரெண்டு கயிறு. ரெண்டு பேரும் ஒரே நேரம் இழுத்தால்தான் அடிக்கும். மற்ற ஆள் விளையாட வராட்டில், அவனைக் கைவிடு எண்டு ஒரு பட்டன் இருக்கு. அதை அமத்தினால் அவன் போயிடுவான். பிறகு ஒரு கயிறு காணும்."

"ஓம்?"

"அக்கா அமத்தேல்லை." ஈட்டிக்காரனை விரலால் தொட்டான். "தன்ரை ஆளைக் கொஞ்சத் தூரம் நடத்திப்போட்டு, திரும்பி வந்து மற்றக் கொன்ரோலரை எடுத்து இவனை நடத்தியிருக்கிறா. பதினொரு மணிக்கூண்டு. ஒவ்வொரு மணிக்கும் ரெண்டு மடங்கு வழி. இவன்ரை உடுப்பைப் பாருங்கோ. கவசம் புதுசு. அவவின்ரை பழசு."

றொகான் அதைப் பார்த்திருக்கிறான். எட்டு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறான். கையில் ஒன்று, மடியில் ஒன்று. மாறி மாறி எடுப்பாள். ஆட்டம் அப்படித்தானாக்கும் என்று நினைத்தான். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

டினேசின் முகம் திடீரென்று மாறியது. திரையின் மூலையில் இருந்த கறுப்புப் பாறையைக் காட்டினான்.

"இது பாறையில்லை." குரல் உயர்ந்தது. "அத்தான், இது பாறையில்லை! திருக்கை! கடல் திருக்கை! அக்கா அடிச்சு விழுத்திட்டா! நாப்பத்தொரு தரம் இதுக்கிட்டைச் செத்தவ. போனிலை சொல்லிச் சொல்லி..." நிறுத்தினான். அவர்கள் கதைக்காமல் விட்டு எட்டு மாதம். "இல்லை. எனக்குச் சொல்லேல்லை. இஞ்சை எழுதியிருக்கு, நாப்பத்தொண்டு எண்டு."

அவன் போட்ட சத்தத்துக்கு நீக்கிலாப்பிள்ளை யன்னலடிக்கு ஓடிவந்தார். நான்கு வாரத்துக்குப் பிறகு முதல் தரமாக அந்த யன்னலுக்குள் பார்த்தார். மகனைக் கண்டார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு ஒன்று கேட்டார்.

"அண்டைக்கு எத்தினை தரம் செத்தவள்?"

டினேஸ் ஒரு பட்டனை அமத்திப் பார்த்தான்.

"அண்டைக்கு ஒருதரமும் இல்லை அப்பா. முதல் தரத்திலையே வெண்டிருக்கிறா."

கிழவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு யன்னலுக்குக் கீழே, முற்றத்து மணலில் இருந்துவிட்டார்.

அந்த நேரம்தான் இன்வேட்டர் கத்தியது.

கூர்மையான சத்தம். பற்றரி முடியப்போகிறது என்ற சத்தம். மணி இன்னும் பத்தரைகூட ஆகவில்லை. "ரெண்டு மணி மட்டும் தாங்கும் எண்டனே!" நீக்கிலாப்பிள்ளை எழும்பி உள்ளே ஓடிவந்தார். இன்வேட்டரிலிருந்து இரண்டாவதாக ஒரு வயர் போயிருந்தது. எல்லாரும் அதன் வழியே பார்த்தார்கள். வயர் கதவுக்குக் கீழால் போய், விறாந்தையால் போய், முன்பக்கக் குசினியில் பிறீசரில் முடிந்தது.

"நான்தான் கொழுவினனான்." அற்புதராணி குசினி வாசலில் நின்றார். "புதன்கிழமைக்கு அவளுக்கெண்டு அப்பா பிடிச்சு வைச்ச இறால். பழுதாப்போயிடும் எண்டு... கரண்ட் இருக்குத்தானே எண்டு..."

ஒருவரும் ஏசவில்லை. நீக்கிலாப்பிள்ளை போய் வயரைக் கழற்றினார். சத்தம் நிற்கவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்றான் றொகான்.

"அஞ்சு நிமிசம். கூடினால் பத்து. அதுக்குப் பிறகு யூ.பி.எஸ்ஸை நம்பேலாது, அதின்ரை பற்றரியும் பழசு." டினேஸ் இரண்டு கொன்ரோலரையும் எடுத்தான். ஒன்றை நீட்டினான். "மணிக்கூண்டு கிட்டத்தான். அம்பது அடி. இடையிலை ஒண்டும் வராது. நான் இவனைக் கொண்டு வாறன். நீங்கள் அக்காவைக் கொண்டு வாங்கோ."

"எனக்குத் தெரியாது."

"இடது பெருவிரல். முன்னுக்குத் தள்ளினால் நடப்பா."

கொன்ரோலரின் பிடியில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. அவள் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு இடம் வழவழவென்றிருந்தது. றொகான் தன் விரலை அதற்கு மேல் வைத்தான்.

டினேஸ் நடுப் பட்டனை அமத்தினான். வெள்ளை எழுத்து மறைந்தது. கடல் அசைந்தது. அலைச் சத்தம் வந்தது. வாளோடு நின்றவள் மூச்சு விட்டாள். தோள் ஏறி இறங்கியது.

அற்புதராணி கதவடிக்கு வந்தார். அவர் இந்த ஆட்டத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இதிலை ஆர் ஜெசி?"

"வாள் வைச்சிருக்கிறவ, அம்மா" என்றான் டினேஸ்.

அவள் நடந்தாள். ஒரு தரம் கடலுக்குள் போகப் பார்த்தாள். றொகான் இழுத்துத் திருப்பினான். ஈட்டிக்காரன் நின்று நின்று வந்தான். மணிக்கூண்டு தெரிந்தது. பெரிய மணி. இரண்டு பக்கமும் இரண்டு கயிறு. டினேஸ் தன் ஆளை இடப் பக்கம் நிறுத்தினான். றொகான் அவளை வலப் பக்கம் நிறுத்தினான்.

"வலது பெருவிரல், கீழ்ப் பட்டன். அமத்திப் பிடிக்கோணும். மூண்டு எண்ணுறன். ஒண்டு, ரெண்டு, மூண்டு."

ஈட்டிக்காரன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். அவள் சும்மா நின்றாள்.

"அத்தான்?"

றொகானின் விரல் பட்டனுக்கு மேலே இருந்தது. அமத்தவில்லை.

"திரும்ப எண்ணுறன். ஒண்டு, ரெண்டு..."

"ஏலாது."

"என்ன ஏலாது? பட்டன்தானே, அமத்துங்கோ! பற்றரி கத்துறது கேக்கேல்லையே?"

"இதை அடிச்சால் முடிஞ்சிடும்."

"முடியாது அத்தான். சேமிச்சிடும். நாளைக்கு, நாளண்டைக்கு, எப்ப வேணுமெண்டாலும் திரும்பப் போடலாம்."

"அப்ப நிப்பாட்டலாம்." றொகான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மணி அடிச்சால் பிறகு நிப்பாட்டலாம். ஆரும் நிப்பாட்டலாம்."

முன்பக்கத்தில் அற்புதராணியின் தொலைபேசி அடித்தது. அச்சகம். ஒருவரும் போகவில்லை. அது அடித்து ஓய்ந்து திரும்ப அடித்தது. மேசையில் இருந்த தாளை றொகான் பார்த்தான். அந்த வரியைப் பார்த்தான். அடையாள அட்டைப் படத்தைப் பார்த்தான்.

"மாமி."

"என்ன தம்பி?"

"அவள் யேசுவே எண்டு சொல்லேல்லை."

இன்வேட்டரின் சத்தம் நெருக்கமாக வரத் தொடங்கியது. நீக்கிலாப்பிள்ளை அதன் மேல் கையை வைத்தார், குழந்தையைத் தட்டி அமர்த்துவது போல.

அற்புதராணி கதவு நிலையைப் பிடித்தார். முகத்தில் கோபம் இல்லை. இவ்வளவு நாளும் பிடித்திருந்த எதையோ யாரோ கையிலிருந்து வாங்குவது போல இருந்தது.

"அப்ப என்ன சொன்னவள்?"

"தலையிடிக்குது எண்டவள். எழும்பினவள். நான் ஃபைல் பாத்துக்கொண்டு இருந்தனான், நிமிர்ந்து பாக்கேல்லை. குசினிப் பக்கம் போகேக்கை திரும்பிச் சொன்னவள்." அவன் விரல் இன்னும் பட்டனுக்கு மேலேயே இருந்தது. "'நிப்பாட்டிப் போடாதையும் றொகான், இந்தா வாறன்' எண்டவள்."